இரண்டாவது வான்கோழி

அன்றைக்கு அந்தச் சமையல்கட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். தலைமைச் சமையல்காரரான பட்லர். அவருக்கு உதவியாக இருந்த நான். காய் நறுக்கிப் பாத்திரம் தேய்க்கிற கன்னியம்மா. கேட் காவலுக்கும் விறகு பிளக்கவும் சேர்த்து ஒரே சம்பளம் வாங்கின வாட்ச்மேன் முனுசாமி. நடுவில் பின்கதவு வழியாக வந்த செயலாளர் அம்மா. ஆறாவது ஆள் கிடையாது. பிற்காலத்தில் எத்தனையோ பேர், "நானும் அங்கதான் இருந்தேன், எனக்கும் நாத்தம் வந்துச்சு" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். நம்பாதீர்கள். நாற்றம் வந்தது எனக்கு ஒருத்திக்குத்தான். கஷ்டமே அதுதான்.

ஹாஸ்டல் மெஸ்ஸிலும் கேட்டரிங்கிலும் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வான்கோழியை எப்படி ரோஸ்ட் செய்வது என்று இதில் இருக்காது. அதைப் படம் போட்டுச் சொல்லித்தர உங்களுக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுப்பேன். அப்படிப்பட்ட ஒருத்தி ஒரு பெரிய விருந்தை நிறுத்த வேண்டி வந்தது. எப்படி நிறுத்தினேன், அதற்கு யார் விலை கொடுத்தார் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அறுபதுகளின் கடைசி. கிழக்குத் தாம்பரத்திலிருந்து சேலையூர் போகிற வழியில் இருந்த ஒரு முதியோர் இல்லம். ரிட்டயரான டீச்சர்கள், நர்சுகள், பிள்ளை இல்லாத ரயில்வே கிளார்க்குகள், யாருமே இல்லாதவர்கள் என்று அறுபது பேர் இருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு நாள், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அவர்களுக்கு வான்கோழி ரோஸ்ட். ஆளுக்கு இரண்டு துண்டுதான் வரும். ஆனால் அந்த இரண்டு துண்டுக்காக நாலு வாரம் முன்னாலேயே, அட்வெந்து ஞாயிறுகளிலிருந்தே பேச்சு ஆரம்பித்துவிடும்.

பட்லர் பெயரை நான் சொல்லமாட்டேன். வெள்ளைக்கார அதிகாரிகள் வீட்டில் வேலை பார்த்தவர். அறுபது வயதுக்கு மேல். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். வான்கோழியை அறுப்பதற்கு முன்னால் அதன் வாயில் கொஞ்சம் பிராந்தி ஊற்றுவது அவருடைய பழைய வழக்கம். கறி மிருதுவாகும் என்பார். மதுவிலக்குக் காலத்தில், டாக்டர் சீட்டும் பர்மிட்டும் இல்லாமல் அதற்கு எங்கே போவது?

"கோழிக்குப் பர்மிட் வாங்கணும்ணா. அதுக்கு இன்னா வியாதின்னு டாக்டர் எழுதுவாரு?" என்று முனுசாமி கேட்பான். பட்லர் சிரித்துக்கொண்டே, பிராந்திக்குப் பதில் வினிகரை ஊற்றுவார்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். முந்தின வருஷம் மழைக்காலத்தில் நீண்ட காய்ச்சலில் படுத்து எழுந்தார். எழுந்தவருக்கு மூக்கு வேலை செய்யவில்லை. அதை நான் கண்டுபிடித்தது பால் கருகினபோது. பெரிய பாத்திரத்தில் அடி பிடித்து, வாசல் வரைக்கும் தீய்ந்த வாசனை போயிருந்தது. அவர் கை எட்டும் தூரத்தில் நின்று ஏதோ பழங்கதை சொல்லிக்கொண்டிருந்தார். "அண்ணா, பால்" என்றேன். திரும்பிப் பார்த்தார். பாத்திரத்தை அல்ல, என்னை. நான் பார்த்துவிட்டேனா என்று.

நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தப் பாத்திரத்தைத் திறந்தாலும் என் பக்கம் தலையைச் சாய்த்து "ம்?" என்பார். நான் ஆவியில் மூக்கை நீட்டிவிட்டு "ம்" என்பேன். அவ்வளவுதான். கை அவருடையது, மூக்கு என்னுடையது. பிறகு ஒரு வருஷம் அந்தச் சமையல்கட்டு அப்படித்தான் நடந்தது. ஒரு குறையும் வரவில்லை.

என் மூக்கின் பெருமையையும் சொல்லிவிடவேண்டும். அந்த விருந்துக்கு முந்தின ஈஸ்டரில், பாயசத்தில் பல்லி விழுந்த நாற்றம் வருகிறது என்று நான் கத்தின கத்தலில் ஒரு அண்டாப் பாயசத்தைச் சாக்கடையில் கொட்டினார்கள். கொட்டின பிறகு பார்த்தால் அது வாழைநார். அன்றிலிருந்து கன்னியம்மாவுக்கு என் பெயர் பல்லி. "பல்லி, அந்தக் கரண்டிய எடு" என்பாள். எனக்குக் கோபம் வரும். ஆனால் பதில் சொல்ல என்ன யோக்கியதை?

அந்த வருஷம் விருந்துத் தேதியை மாற்றினார்கள். பெரிய நன்கொடை தருகிற டோனர் ஒருவர் பட்டணத்திலிருந்து வருவதாக இருந்தது. அவருக்குக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள்தான் ஒழிந்தது. இல்லத்தை நடத்துகிற கமிட்டி சரி என்றுவிட்டது. தேதி ஒன்று மாறினால் என்ன என்று அவர்கள் நினைத்தார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

வான்கோழி வேகிற அளவுக்கு இல்லத்தில் அடுப்பு கிடையாது. எப்போதும் ஸ்டேஷன் பக்கத்து பேக்கரியில்தான் வேகவைப்போம். விறகு எரிக்கிற செங்கல் அடுப்பு. அந்த அடுப்பில் தீ முக்கியமில்லை, செங்கல்தான் முக்கியம். தினமும் எரிந்து எரிந்து செங்கல் உள்வரைக்கும் சூட்டைக் குடித்து வைத்திருக்கும். ரொட்டி எடுத்த பிறகு அந்தச் சூட்டிலேயே கோழி நிதானமாக வேகும். வருஷம் முழுக்க அந்த அடுப்பு அணைவது ஒரே ஒரு நாள்தான், கிறிஸ்துமஸ் அன்று. மறுநாள் காலையில் அது ஆறிப்போன அடுப்பு. எத்தனையோ வருஷமாக விருந்து முந்தின நாளே நடந்ததால், அந்த அடுப்பை ஆறின நாளில் எங்களில் யாரும் பார்த்ததே இல்லை.

இரண்டு கோழி. ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. கிறிஸ்துமஸ் அன்று மாலையே பட்லர் வயிற்றுக்குள் ஈரல், ரொட்டித்தூள், வெங்காயம் எல்லாம் அடைத்துத் தைத்துவிட்டார். அடைத்தபோது அந்த மசாலா இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"ஆறட்டுமே அண்ணா. காலைல அடைக்கலாம்."

"காலைல வண்டி வந்து நிக்கும். அப்ப ஊசியும் நூலுமா உக்காரச் சொல்றியா? மார்கழிக் குளிரும்மா. ஐஸ் பொட்டி மாதிரி இருக்கும் ஸ்டோர் ரூம்."

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் எனக்கு எதற்குத்தான் மனசு கேட்டிருக்கிறது?

மறுநாள் பட்லரும் முனுசாமியும் ரிக்‌ஷாவில் கோழிகளை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனார்கள். நான் சாதத்தையும் முட்டைக் குழம்பையும் பருப்பையும் பார்த்துக்கொண்டேன். விருந்துக்கு ஆட்கள் உட்கார ஆரம்பித்த பிறகுதான் இருவரும் வந்து சேர்ந்தார்கள். தட்டில் இறக்கியதும் கன்னியம்மா, "அய்ய, தங்கமாட்டம் கீது!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். நிஜமாகவே தங்க நிறம்தான். பட்லர் முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு சிரிப்பு.

முனுசாமி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "எக்கா, அண்ணன் அடுப்புல ஒரு பிடி மைதாவ வீசிப் பாத்தாரு. மாவு கறுக்கவேயில்ல. பேக்கரிக்காரன் கூட 'நேத்து லீவுண்ணா, சூடு புடிக்க நேரமாவும்'னான். இவுரு 'வை, பாத்துக்கலாம்'னுட்டாரு. அப்பால விறகு நெறைய போட்டாங்க."

அடுப்பின் சூட்டை அவர் எப்போதும் பார்க்கிற விதம் அது. உள்ளே மாவை வீசினால், தீய்கிற வாசனை எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதுதான் கணக்கு. அன்றைக்கு அவர் வாசனையைப் பிடித்திருக்க முடியாது. நானும் பக்கத்தில் இல்லை.

பட்லர் பெரிய கோழியின் தையலைப் பிரித்தார். தொடை மூட்டில் கத்தியை விட்டு விரித்தார். என் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"ம்?"

நான் "ம்" சொல்லவில்லை.

"அண்ணா, வேணாம்."

"என்ன வேணாம்?"

"உள்ள இருக்கறது ஒரு மாதிரி வருது."

"ஒரு மாதிரின்னா?"

"புளிச்ச மாதிரி. காயாத துணி மாதிரி."

"வினிகர் குடுத்திருக்கோம். புளிப்பாத்தான் வரும்."

"ஆரம்பிச்சிட்டாடா பல்லி!" என்றாள் கன்னியம்மா.

நான் விரலை உள்ளே விட்டேன். வெளியே கை வைக்க முடியாத சூடு. உள்ளே, குளிக்கிற வெந்நீர் அளவுக்குத்தான். எலும்பு ஓரம் ரோஸ் நிறமாக இருந்தது. "வான்கோழித் தொடை அப்படித்தான் இருக்கும், அது கருப்புக் கறி" என்றார் பட்லர். அதுவும் பொய்யில்லை. சின்னக் கோழியின் தையலைப் பிரித்து முகர்ந்தேன். கிராம்பு, மிளகு, வெண்ணெய். வேறொன்றும் தெரியவில்லை. ஆனால் அதே மசாலா, அதே பாத்திரத்தில் பிசைந்தது, அதே ராத்திரி முழுக்க வயிற்றுக்குள் இருந்தது.

திரும்ப வேகவைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வேகாதது மட்டும் என்றால் வேகவைக்கலாம். கெட்டதை வேகவைத்தால் அது வெந்த கெட்டது, அவ்வளவுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களை எனக்கு ஒவ்வொருவராகத் தெரியும். யாருக்குக் கஞ்சி, யாருக்கு உப்பில்லாமல், யாருக்கு மலச்சிக்கல், எல்லாம் தெரியும். அந்த வயதில் இரண்டு தடவை வயிற்றால் போனால் மூன்றாவது தடவைக்கு ஆள் இருக்கமாட்டார்கள். போன வெயில் காலத்தில் அப்படி இரண்டு பேரை வாரிக் கொடுத்திருந்தோம். அது கிணற்றுத் தண்ணீரால். அப்போது யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

பின்கதவைத் திறந்துகொண்டு செயலாளர் அம்மா வந்தார். பட்டுப்புடவை, நெற்றியில் வியர்வை.

"ஏன் லேட்டு? ஜெபம் முடியப்போகுது. டோனர் கேமராமேனைக் கூட்டிட்டு வந்திருக்கார்."

"மேடம், வான்கோழி சரியில்ல" என்றேன்.

"என்னது?"

"பொண்ணு கொஞ்சம் பயந்த சுபாவம் மேடம்" என்றார் பட்லர். குரலில் கோபம் இல்லை. "நான் பாத்துட்டேன்."

அம்மாவுக்கு உயிர் வந்த மாதிரி ஆயிற்று. "எஸ்தர், போன ஈஸ்டர் பாயசம் ஞாபகம் இருக்கில்ல?" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு குனிந்து தட்டை முகர்ந்தார். "எனக்கு மசாலா வாசனைதான் வருது. கன்னியம்மா, நீ பாரு."

"எனுக்கு இன்னாம்மா தெரியும்? பொடி போட்டுப் போட்டு மூக்கே மரத்துப்பூட்ச்சி."

"முனுசாமி?"

"கறி வாசனைதாம்மா வருது" என்றான் அவன், என் முகத்தைப் பார்க்காமல்.

"பட்லர், நீங்களே சொல்லுங்க. மோந்து பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம். ஃபர்ஸ்ட் கிளாஸ்."

பிள்ளைகளே, அந்த இடத்தில்தான் எனக்கு வேறு வழி இல்லாமல் போனது. அவர் "எஸ்தர் சொன்னா பாத்துக்கலாம்" என்று சொல்லியிருந்தால் போதும். மோந்து பார்த்தேன் என்று சொல்லிவிட்டார். என் வார்த்தைக்கு எதிராக அவருடைய மூக்கை வைத்துவிட்டார்.

"அவருக்கு வாசனை தெரியாது மேடம்" என்றேன். "ஒரு வருஷமாத் தெரியாது."

கன்னியம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

செயலாளர் அம்மா கெட்டவர் இல்லை. ஆனால் அவசரத்தில் இருந்தார். அலமாரியிலிருந்து இரண்டு பாட்டிலை எடுத்தார். ஒன்றில் வினிகர், ஒன்றில் கிருஷ்ணாயில். "கண்ணை மூடுங்க பட்லர். இது எதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

அவர் கண்ணை மூடவில்லை. "வேணாம் மேடம்" என்றார். இடுப்பிலிருந்து ஏப்ரனை அவிழ்த்து, நாலாக மடித்து, மேடை ஓரத்தில் வைத்தார்.

"எஸ்தர்," என்றார் அம்மா, "நீ உறுதியாச் சொல்றியா?"

"உறுதியாச் சொல்ல முடியாது மேடம். ஆனா நான் பரிமாற மாட்டேன்."

"ரெண்டுமா?"

அப்போது பட்லர் பேசினார். அம்மாவிடம் இல்லை, என்னிடம்: "சின்னதையாவது வைம்மா. அது நல்லாருக்கு. அறுபது பேரு காத்துகிட்டு இருக்காங்க."

அவர் என்னிடம் கெஞ்சினது அது ஒன்றுதான். எனக்குச் சின்னதில் நாற்றம் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றா? நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

சாதம், பருப்பு, முட்டைக் குழம்பு போட்டோம். ரயில்வேயில் இருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "இதுக்காம்மா நான் பல்லு செட்டக் கழுவி மாட்டிக்கினு வந்தேன்?" என்று கத்தினார். ஹாலே சிரித்தது. டோனர் மட்டும், எளிமையான சாப்பாடுதான் உடம்புக்கு நல்லது என்று பேசிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போனார். அன்று யாருக்கும் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாப்பிடாததால் ஆகவில்லையா, சாப்பிட்டிருந்தாலும் ஆகியிருக்காதா, யாருக்குத் தெரியும்?

இரண்டு கோழியையும் பின்னால் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னார்கள். யாரும் தோண்டி எடுத்துத் தின்றுவிடக் கூடாதென்று குழி மேலே ஒரு பாட்டில் பினாயிலை அம்மா ஊற்ற வைத்தார். நாய்கள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. "நாய்க்குப் போட்டிருந்தாலாவது உண்மை தெரிஞ்சிருக்கும்கா" என்றான் முனுசாமி. தெரிந்திருக்கலாம். தெரியாமலே போய்விட்டது. உங்களுக்கும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். கெட்டதைத் தடுத்துவிட்டால் அது கெட்டது என்று காட்ட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. வீணாய்ப்போன சாப்பாடுதான் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கூடவே அதற்காக அவமானப்பட்ட ஒரு ஆளும். அதைத் தாங்க முடிந்தால் மட்டும் வாயைத் திறங்கள் என்று நான் சொல்லமாட்டேன். தாங்க முடியாவிட்டாலும் திறந்துதான் ஆகவேண்டும். எனக்குத் தாங்க முடிந்ததில்லை.

கமிட்டி கூடியது. குறையை மறைத்ததற்காகப் பட்லரை அந்த மாசத்தோடு நிறுத்தினார்கள். இரண்டு வான்கோழியின் விலையையும் அவர் தலையில் போட்டார்கள். பெரிசு சின்னது என்று பார்க்காமல் ஒன்று முப்பத்தாறு ரூபாய், இரண்டும் எழுபத்திரண்டு. கட்டி முடித்தால்தான் சர்ட்டிபிகேட் தருவோம் என்றார்கள். அந்தக் காலத்தில் பட்லர் வேலைக்கு அந்தக் காகிதம் இல்லாமல் ஒரு பங்களாவிலும் படி ஏற முடியாது. அவருடைய இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள்.

அவர் பல்லாவரத்துக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமைச் சந்தையில் கோழி உரிக்கிற கடையில் கூலிக்கு நின்றார். அந்த நாற்றத்தில் நாள் முழுக்க நிற்க அவரைவிடப் பொருத்தமான ஆள் வேறு யார் என்று சிலர் சிரித்தார்களாம். மாசம் பிறந்தால் இல்லத்துக்கு வருவார். ஆபீஸில் மூன்றோ நாலோ ரூபாய் கட்டுவார். சமையல்கட்டுப் பக்கம் வரமாட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.

ஒரு தடவை கேட் வரைக்கும் ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். "அண்ணா, மீதிய நான் கட்டிடறேன். சர்ட்டிபிகேட்ட வாங்கிக்குங்க" என்றேன்.

"சமையல்கட்டுல எல்லாம் ஒழுங்கா நடக்குதா?" என்றார்.

"நடக்குது அண்ணா."

"பால அடி புடிக்க விடாத" என்றார். பிறகு, "கட்டாதம்மா. நீ கட்டக் கூடாது" என்றார். போய்விட்டார்.

ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. மறு வருஷம் மழைக்கு முன்னால் ஒரு நாள் ஆபீஸ் கிளார்க் என்னிடம் வந்து சொன்னார்: "இன்னிக்கு உங்க பட்லர் வந்தார். 'முப்பத்தாறு ஆயிடுச்சா?'ன்னு கேட்டார். ஆயிடுச்சுன்னேன். 'பெரிய கோழி முடிஞ்சது, அவ்ளோதான்'னு சொல்லிட்டு எழுந்துட்டார். இன்னும் பாதி இருக்கேன்னேன். 'அது நல்ல கோழி சார்'ன்னார்."

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. சர்ட்டிபிகேட்டையும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பல்லாவரத்தில் இறந்துபோனார் என்று முனுசாமி வந்து சொன்னான். நான் அங்கே தலைமைச் சமையல்காரியாகவே ரிட்டயரானேன். எத்தனையோ தடவை அந்தப் பணத்தை ஆபீஸில் வைத்துவிட்டு வரலாம் என்று கிளம்பியிருக்கிறேன். வேண்டாம் என்றது அவர். அதனால் கட்டவில்லை.

பாக்கி இன்னும் முப்பத்தாறு ரூபாய்.